நாத்துக்கட்டு வேணுமா, லிஃப்ட்டு வேணுமா?

பாபநாசம் கடைத்தெருவில் ரிஃப்காவின் செருப்புக் கடைக்குச் சனிக்கிழமை சாயங்காலம் போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். கும்பகோணத்தில் நர்ஸ் வேலை பார்க்கும் கனிமொழி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்து, கடை வாசலில் நின்றபடியே, "அடியே நாத்துக்கட்டு! உள்ளதான் இருக்கியா?" என்று ஒரு சத்தம் போடுவாள். செருப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரிய மனுஷர்கள் ஒற்றைக் காலோடு திடுக்கிட்டுத் திரும்புவார்கள். கல்லாவில் மூக்குக்கண்ணாடியும் முக்காடுமாக உட்கார்ந்து, வருகிறவர்களை "வாங்க, உக்காருங்க" என்று மரியாதை குறையாமல் கவனிக்கும் ரிஃப்கா, அந்தப் பெயரைக் கேட்டதும் முகமெல்லாம் பல்லாக எழுந்து ஓடி வருவாள்.

அந்தக் கடையில் இன்னொரு விசேஷமும் உண்டு. ஓடினால் குதிகாலில் சிவப்பு விளக்கு மின்னுகிற குழந்தை ஷூ அங்கே கிடைக்காது. ஊரெல்லாம் அதைக் கேட்டுத்தான் பிள்ளைகள் புரண்டு அழுகின்றன. சரக்குப் போடுகிறவரும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். "வேற எது வேணும்னாலும் போடுங்க. அது மட்டும் வேணாங்க" என்பாள் ரிஃப்கா. நல்ல வியாபாரத்தை இப்படி யாராவது கெடுத்துக்கொள்வார்களா? கொள்வார்கள். பத்து வயதில் அவள் பட்ட பாடு அப்படி.

ரிஃப்கா பிறந்தது ஷார்ஜாவில். அத்தா மூஸா அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். ஆறாவது மாடியில் வீடு, ஏறி இறங்க லிஃப்ட், ஜன்னலைத் திறந்தால் இன்னொரு கட்டடத்தின் ஜன்னல். தொண்ணூற்றெட்டாம் வருஷம் கம்பெனி ஆட்டம் காணவே, மூஸா குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் கட்டில் வாடகைக்கு ஒரு அறையில் ஒண்டிக்கொண்டார். அம்மா ஆமினாவோடு ரிஃப்கா பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்கு வந்து இறங்கினாள். சொந்த ஊர் என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள். அவளுக்கு அது லீவுக்கு வந்து போகிற ஊர், அவ்வளவுதான்.

வந்த அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும் வாசலில். எல்லோருடைய கண்ணும் அவள் காலில். அவள் நாலு எட்டு நடந்தால் குதிகாலில் சிவப்பு விளக்கு மின்னியது. "இன்னொருக்கா ஓடுடி! இந்தா, இங்கிட்டு ஓடு!" என்று ஓடவிட்டுப் பார்த்தார்கள். ரிஃப்காவும் மூச்சு வாங்க ஓடினாள். ஆஹா, முதல் நாளே இத்தனை தோழிகளா என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியில் இருந்த சாக்லேட்டையெல்லாம் அள்ளிக் கொடுத்தாள். தின்று முடித்த பிள்ளைகள் அவளுக்கு ஒரு பெயரும் வைத்துவிட்டுப் போனார்கள். 'ஃபாரின்.' மறுநாளிலிருந்து ரிஃப்கா என்று அவளை யாரும் கூப்பிடவில்லை. அத்தாவின் அண்ணன், அதாவது பெரியத்தா, அவர் மகள் ஷிஃபாகூட அப்படித்தான் கூப்பிட்டாள். சொந்த ரத்தம்!

கோடை லீவு விட்டதும் விஷயம் முற்றியது. வாய்க்காலில் தண்ணீர் கிடையாது. அறுப்பு முடிந்து, நெல் அடித்த களம் காலியாகக் கிடந்தது. வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகள் களத்தில் சாம்பலால் கோடு போட்டுக் கிளித்தட்டு ஆட ஆரம்பித்தார்கள். ஆட்டம் எளிதுதான். நீளக் கட்டம், நடுநடுவே குறுக்குக் கோடுகள், நெடுக ஒரு நடுக்கோடு. ஒரு அணி கோடுகளில் நின்று மறிக்கும். இன்னொரு அணி ஒவ்வொரு கோடாகத் தாண்டி அந்தக் கடைசிக்குப் போய், மறுபடி இந்தக் கடைசிக்கு வர வேண்டும்; ஒருத்தர் வந்து சேர்ந்தாலே ஜெயிப்பு. மறிக்கிற அணியில் ஒருத்தர் 'கிளி'. அவர் மட்டும் எந்தக் கோட்டிலும் பறக்கலாம். ஓடுகிறவர்களில் யாராவது ஒருவரைத் தொட்டுவிட்டால் போதும், மொத்த அணியும் அவுட்.

ஆனால் ஆட்டத்துக்கு முன்னால் உத்தி பிரிப்பார்கள் பாருங்கள், அங்கேதான் ரிஃப்காவுக்குக் கண்டம். இரண்டு பேர் லீடர். மற்றவர்கள் ஜோடி ஜோடியாகத் தோளில் கை போட்டுக்கொண்டு தூரமாகப் போவார்கள். ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, "மாம்பழம் வேணுமா, பலாப்பழம் வேணுமா?" என்று கேட்பார்கள். யார் மாம்பழம், யார் பலாப்பழம் என்று லீடருக்குத் தெரியாது. கேட்ட ஆள் அந்த அணி, மிச்ச ஆள் எதிர் அணி. இதில் ஒரு சட்டம் உண்டு. ஜோடி சேருகிற இருவரும் ஆட்டத்தில் சமமாக இருக்க வேண்டும். நோஞ்சானும் பலசாலியும் ஜோடி போட்டால் லீடர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆகவே ஒருத்தி உன் தோளில் கை போட்டு "வாடி" என்றால், நீயும் நானும் ஒன்று என்று ஊரறியச் சொன்ன மாதிரி.

ரிஃப்காவின் தோளில் யாரும் கை போடவில்லை. சாக்லேட் தின்ற கைகள் ஒன்றுகூட வரவில்லை.

ஜோடி கிடைக்காதவர்களுக்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். உப்புக்குச் சப்பாணி. அழாமல் இருப்பதற்காகச் சும்மா சேர்த்துக்கொள்வது. ஓடலாம், கத்தலாம், விழுந்து வாரலாம். தொட்டாலும் அவுட் கிடையாது. கோட்டைத் தாண்டினாலும் கணக்கு கிடையாது. மூக்கொழுகுகிற நாலு வயதுப் பிள்ளைகளுக்கு உள்ள அந்த இடம் பத்து வயது ரிஃப்காவுக்குக் கிடைத்தது. அவள் உயிரைக் கொடுத்து ஓடுவாள். மறிக்கிறவர்கள் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மற்றவர்களைத் துரத்துவார்கள். கடைசிக் கோட்டைத் தாண்டி "வந்துட்டேன்!" என்று கையைத் தூக்குவாள். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று, தன் காலையும் கையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எல்லாம் இருக்கிற இடத்தில்தான் இருந்தன. பிறகு எது குறைச்சல் என்று அவளுக்கு விளங்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை தோறும் சாயங்கால மஃரிபு தொழுகைக்குப் பிறகு பெரியத்தா வீட்டுக்கு அத்தாவின் போன் வரும். அம்மா பேசி முடித்ததும் ரிஃப்கா வாங்குவாள். அத்தா முதலில் கேட்பது ஒன்றுதான்.

"வெளையாண்டியாம்மா? புள்ளைங்க சேத்துக்கிட்டாங்களா?"

"சேத்துக்கிட்டாங்கத்தா! நாந்தான் ஜெயிச்சேன்!"

"மாஷா அல்லாஹ்! எம்புள்ளையா கொக்கா!" என்று கடல் கடந்து ஒரு சிரிப்பு வரும். ஷார்ஜாவில் போன் பூத்துக்கு வெளியே வரிசையில் நிற்கிற ஊர்க்காரர்களிடமெல்லாம் அவர் இதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வாராம். இப்படியே வாராவாரம் ரிஃப்கா ஜெயித்தாள். ஒருமுறைகூடத் தோற்கவில்லை. பக்கத்தில் நிற்கும் ஆமினா மகளைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். அவளும் அடுப்படி ஜன்னல் வழியாகக் களத்தைப் பார்க்கிறவள்தானே.

பொய் சொல்லிச் சொல்லி ரிஃப்காவுக்கே வெறுத்துப் போயிற்று. எப்படியாவது ஒரு நாள் உண்மையாக ஆடிவிட வேண்டும் என்று வெறி வந்தது. அவள் லத்தீஃபாவைப் பிடித்தாள். லத்தீஃபா எப்போதும் கனிமொழியோடுதான் ஜோடி. கனிமொழி வாய்க்கால் கரைத் தெரு அம்சத்தின் மகள். அம்சம் நடவுக்குப் போகிறவள், ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துச் சொந்தமாகவும் பயிர் வைத்திருந்தாள். வரப்பில் ஓடியே வளர்ந்த கனிமொழியைப் பிடிக்க அந்தக் களத்தில் ஆள் கிடையாது. அவளுக்கு அடுத்தபடி லத்தீஃபா.

"என்கூட உத்திக்கு வர்றியா? என் ஷூவ இன்னைக்கு ஃபுல்லா நீ போட்டுக்க" என்றாள் ரிஃப்கா.

லத்தீஃபாவுக்கு எச்சில் ஊறிவிட்டது. ஷூவை மாட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு போனார்கள். ரிஃப்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. திரும்பி வந்து, "கருப்பட்டி வேணுமா, எஸ்கலேட்டர் வேணுமா?" என்றாள்.

களமே விழுந்து விழுந்து சிரித்தது. எஸ்கலேட்டர் யார் என்று சொல்லவும் வேண்டுமா! லீடராக இருந்த பரிதி, "கருப்பட்டிடா!" என்று துள்ளினான். இன்னொரு லீடர் ஷிஃபாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இந்த உத்தி செல்லாது! லத்தீஃபா அவனுக்கு, ஃபாரின் எனக்கா? இது சமமா?"

அப்போதுதான் எல்லோரும் கனிமொழியைப் பார்த்தார்கள். ஜோடி இல்லாமல் ஒற்றையாக நின்றாள். களத்திலேயே பெரிய ஆட்டக்காரி, இப்போது சப்பாணி! அவள் லத்தீஃபாவின் கால்களை ஒரு பார்வை பார்த்தாள். "நீ அவளுக்குச் சமமாடி? இல்ல அந்த வெளக்குக்குச் சமமா?"

லத்தீஃபா அங்கேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். கழற்றி ரிஃப்காவின் கையில் திணித்துவிட்டு, கனிமொழி பக்கம் போய் நின்றுகொண்டாள். ஷூவின் விளக்கு கையில் இருந்தும் இரண்டு தடவை மின்னி அடங்கியது. அதற்குப் பிறகு ரிஃப்கா அந்த ஷூவைப் போடவே இல்லை. கட்டிலுக்கு அடியில் கடைசிவரை தள்ளிவிட்டாள். அன்றைக்கு அவமானம் தாங்காமல் குப்புறப் படுத்து அழுதாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. அத்தாவிடம், "ஜெயிச்சேன்" என்றாள்.

இனிமேல்தான் கதை சூடு பிடிக்கிறது. லத்தீஃபாவின் அத்தா மலேசியாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். குடும்பத்துக்கு விசா வந்துவிட்டது. மளமளவென்று பெட்டி கட்டி, தெருவே திரண்டு வழியனுப்பி, ஒரு காலைப்பொழுதில் லத்தீஃபா பறந்து போய்விட்டாள். அது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் களத்தில் உத்தி பிரிக்க எல்லோரும் ஜோடி சேர்ந்தபோது, இரண்டு பேர் ஒற்றையாக நின்றார்கள். இந்த ஓரத்தில் வெறுங்காலோடு ரிஃப்கா, அந்த ஓரத்தில் கனிமொழி.

கனிமொழி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தாள், பூமியைப் பார்த்தாள். சப்பாணியாக நிற்பதற்கு அவள் ஒருநாளும் சம்மதிக்க மாட்டாள், வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் விறுவிறுவென்று களத்தைக் குறுக்காகக் கடந்து வந்து, பொத்தென்று ரிஃப்காவின் தோளில் கையைப் போட்டாள்.

"வாடி."

 இரண்டு பேரும் வைக்கோல்போர் மறைவுக்குப் போனார்கள். அங்கே ரிஃப்கா மெல்ல, "நா உனக்குச் சமமா?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? நீ ஒரு நாளாவது ஆடியிருக்கியா? ஆடுனாத்தானே தெரியும்" என்றாள் கனிமொழி. "அதை விடு. பேரு என்ன வைக்கலாம்? நீ ஒண்ணு சொல்லு."

ரிஃப்கா யோசித்தாள். பதற்றத்தில் ஷார்ஜாதான் வாயில் வந்தது. "லிஃப்ட்டு."

கனிமொழி தலையில் அடித்துக்கொள்ளப் போனவள், கையை அந்தரத்தில் நிறுத்தினாள். கண்ணில் குறும்பு வந்து உட்கார்ந்துகொண்டது. "அடி சக்கை! லிஃப்ட்டு நானு. நீ நாத்துக்கட்டு."

"நாத்துக்கட்டுன்னா?"

"நாத்தப் பறிச்சுக் கட்டா கட்டுறது. எங்கம்மா தலையில சொமந்துட்டுப் போவும்ல, அது. வாயை மூடிட்டு வா. சிரிச்சே, கொன்னுடுவேன்!"

இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். அன்றைக்கும் ஷிஃபாவும் பரிதியும்தான் லீடர். ஜோடியைப் பார்த்ததும் ஷிஃபா குதித்தாள். "இது எப்படிச் சமமாவும்?"

"சமம்தான். நாந்தானே ஜோடி? நா சொல்றேன்ல?" என்றாள் கனிமொழி. அவள் சொன்னால் அந்தக் களத்தில் அப்பீல் கிடையாது. "கேக்கணுமா வேணாமா? நாத்துக்கட்டு வேணுமா, லிஃப்ட்டு வேணுமா?"

முறை ஷிஃபாவுடையது. பரிதி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். எது ஃபாரின், எது அம்சம் மகள் என்று குருடனுக்கும் தெரியுமே! ஷிஃபா சிரிப்பை அடக்க முடியாமல், இரண்டு கையையும் நீட்டி, தெருக்கோடிவரை கேட்கிற மாதிரிக் கத்தினாள். "நாத்துக்கட்டு! எனக்கு நாத்துக்கட்டுதான் வேணும்!"

ரிஃப்கா ஓரடி முன்னால் வந்தாள்.

களத்தில் எழுந்த கூச்சலை என்னவென்று சொல்ல! பரிதி தரையில் உருண்டான். கனிமொழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவன் பக்கம் ஓடினாள். ஷிஃபா தலையில் கை வைத்து, "அல்லாவே! ஏமாத்திட்டாளுங்க! ஏமாத்திட்டாளுங்க!" என்று சுற்றிச் சுற்றி வந்தாள். என்ன சுற்றி என்ன? வாயால் கேட்டது கேட்டதுதான். ரிஃப்கா மட்டும் சிலை மாதிரி நின்றாள். எனக்கு வேணும் என்று ஒருத்தி கையை நீட்டிக் கத்தியிருக்கிறாள். ஏமாந்து கத்தினாள்தான், இருக்கட்டுமே! 

ஷிஃபாவின் அணி ஓட்டம், பரிதியின் அணி மறிப்பு. கனிமொழிதான் கிளி. கிளி கை தட்டியதும் ஆட்டம் பிடித்துக்கொண்டது. முதல் கோட்டுக்கு முன்னால் ரிஃப்கா நின்றபோது மறித்தவள் அவளையே பார்த்தாள். கண்ணுக்குக் கண் நேராக! இத்தனை நாளில் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. இடப்பக்கம் போக்குக் காட்டி வலப்பக்கம் பாய்ந்தாள், தாண்டிவிட்டாள். இரண்டாவது கோடு, மூன்றாவது கோடு. கல் குத்தியது, தூசி கண்ணில் விழுந்தது, ஒன்றும் உறைக்கவில்லை. சப்பாணியாகச் சும்மா ஓடிய நாளெல்லாம் வீண்போகவில்லை போலிருக்கிறது, எந்தக் கோட்டில் யார் எப்போது அசருவார்கள் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. கடைசிவரை போய்த் திரும்பியும் விட்டாள். பின்னால் ஷிஃபா அணி முழுக்க, "வந்துரு! வந்துரு!" என்று தொண்டை கிழியக் கத்தியது. தனக்காகத்தான் கத்துகிறார்கள் என்று புரியவே அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஒரே ஒரு கோடு பாக்கி. தாண்டினால் ஜெயிப்பு. கனிமொழி நடுக்கோட்டில் பறந்து வருவதை ரிஃப்கா பார்த்தாள். பார்த்தவள் ஒரு நொடி தயங்கினாள். கிளிக்கு அது போதாதா? முதுகில் பளாரென்று ஒரு அடி விழுந்தது.

"ரிஃப்கா அவுட்டு!"

கனிமொழி கத்திய கத்தலில் வாய்க்கால் கரைக் கொக்குகள் எழும்பிப் பறந்தன. பரிதி அணி ஆடித் தீர்த்தது. ஷிஃபா புழுதி பறக்க ஓடி வந்தாள். "எருமை! கோட்டுக்கிட்ட வந்து நின்னுக்கிட்டு வேடிக்க பாக்குறியா? உன்னாலதாண்டி தோத்தோம்! எல்லாம் உன்னால!"

ரிஃப்கா சிரித்தாள். முதலில் சத்தமில்லாமல், பிறகு அடக்க மாட்டாமல் கெக்கெக்கே என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வேறு கொட்டியது.

"திட்டுறேன், சிரிக்கிறா பாரு! கிறுக்கு!" என்றாள் ஷிஃபா. பிறகு என்ன நினைத்தாளோ, "நாளைக்காவது ஒழுங்கா ஓடு" என்று அவள் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலைப் பிடுங்கி எறிந்தாள்.

பாங்கு சொல்லும்போது ஆட்டம் கலைந்தது. மஃரிபு தொழுகை முடிந்து, ஆமினா மகளோடு பெரியத்தா வீட்டுக்குள் நுழையும்போதே போன் மணி அடித்துவிட்டது. வழக்கமாக அம்மாதான் முதலில் பேசுவாள். அன்றைக்கு ரிஃப்கா எல்லோரையும் முந்திக்கொண்டு பாய்ந்து ரிசீவரை எடுத்தாள். பாவாடையெல்லாம் சாம்பல், முழங்கால் சிராய்ப்பு, கழுவாத முகம்.

"அத்தா! இன்னைக்கு நா அவுட்டுத்தா!"

"அச்சச்சோ. என்னம்மா ஆச்சு? அழுவுறியா?"

"இல்லத்தா! எங்க டீமே தோத்துப்போச்சு! என்னாலதான் தோத்துச்சாம். ஷிஃபா என்னை எருமைன்னு திட்டுனா! கனிமொழி முதுகுலயே ஒண்ணு வச்சா, இன்னும் எரியுதுத்தா!"

  ஆமினா சுவரைப் பிடித்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப, இத்தன வாரமா ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு சொன்னியேம்மா?" என்றார் மூஸா மெல்ல.

"அது சும்மாத்தா. என்னை ஆட்டத்துல சேக்கவே இல்ல. இதுதான் நெசம்."

"இன்னைக்குத்தான் சேத்துக்கிட்டாங்களா?"

"ஆமாத்தா!"

மூஸா ரிசீவரைக் கீழே வைத்துவிட்டாரோ என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்தது. இல்லை. பூத்தின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், வரிசையில் நிற்கிற ஊர்க்காரர்களைப் பார்த்து அத்தா தழுதழுத்த குரலில் கத்துவது இங்கே பெரியத்தா வீட்டுக் கூடம்வரை தெளிவாகக் கேட்டது.

"எம்புள்ள தோத்துருச்சுங்க! இன்னைக்கு எம்புள்ள தோத்துருச்சு!"